ஒருசந்தி நடுக்கம்

மரியசூசை கடைசியாகச் செய்த வேலை வேலிக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியது.

தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை அது. காலையிலேயே வெயில் சூடேறிவிட்டது. வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் மற்ற வீட்டு வாசல்களைப் போலவே அவர்கள் வாசலிலும் தார்ப்பாய் விரித்து முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. வியாபாரி இறக்கிவிட்டுப் போன மூட்டைகள். வறுத்து, உடைத்து, பருப்பாக்கிக் கொடுத்தால் கூலி. தகரக் கதவின் கீல் துருப்பிடித்துக் கழன்றுபோயிருந்ததால் எதிர்வீட்டு ஆடுகள் முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடும். ஆடு கொட்டையைத் தின்னாது. மிதித்துக் கலைத்து, புழுக்கை போட்டுவிட்டுப் போகும். அதைப் பொறுக்கி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

மூட்டை கட்டி வந்த நீல நைலான் கயிற்றில் ஒரு துண்டை எடுத்து, கதவின் கம்பியில் கோத்து, கல்லுக்காலில் மாட்டுவதற்கு வளையம் போட்டுக்கொண்டிருந்தார் மரியசூசை. முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவதும் நழுவியது. பல்லால் கடித்து இழுத்து, சுற்றிச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்றாக முடிச்சுப் போட்டார்.

வறுக்கிற சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அமலோற்பவமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க அது, கோழிமுட்ட தண்டிக்கு முடிச்சு?"

"கை நிக்க மாட்டேங்குது அமலி."

"ஒருசந்தின்னா சும்மாவா. ஒரு வேளக் கஞ்சிய குடிச்சிட்டு அலைஞ்சா கை ஆடாம என்ன பண்ணும். இன்னும் எளவட்டம்னு நெனப்பு."

"பசியில்லடி. உள்ளுக்குள்ள எறும்பு ஓடுற மாதிரி இருக்கு. தோலுக்கு அடியில."

"மத்தியானம் கஞ்சி உள்ள போனா எறும்பு எறங்கிடும்."

அவர் சிரித்தார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. "பாஸ்கு திருநா முடிஞ்சதும் புது கீலு வாங்கி மாட்டிடறேன். அதுவரைக்கும் இப்பிடித் தூக்கி, இப்பிடி மாட்டிக்க" என்று வளையத்தைக் கல்லுக்காலில் போட்டு எடுத்துக் காட்டினார்.

அவள் சோறு வடிக்க உள்ளே போனாள். வடிகஞ்சி சட்டியில் விழும் சத்தத்துக்கு நடுவே வெளியே தகரம் அதிர்வது கேட்டது. ஆடு என்றுதான் நினைத்தாள்.

அவர் கதவில் மோதிக் கல்லடுப்பின் மேல் விழுந்து கிடந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஓடி வந்தவர்களில் ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார். பின்மண்டையிலிருந்து வழிந்த ரத்தத்தைச் செம்மண் உறிஞ்சிவிட்டதால் அது எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்சு ஜெயங்கொண்டம் ரோட்டைப் பிடிப்பதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

வெயில் என்றார்கள். பட்டினி என்றார்கள். கைகால் இழுத்தது மண்டை அடிபட்டதால் என்றார்கள். தலையில் அடி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது உண்மைதான். ஏன் விழுந்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஒருசந்தி இருந்தவர் மயங்கி விழுவதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அவர் விழுவதற்கு மூன்று நாள் முந்தின புதன்கிழமை, திருநீறு பூசிக்கொண்டு கோயிலை விட்டு வெளியே வந்ததும், வழக்கம்போல ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டார்கள். இந்த வருஷம் என்ன ஒறுத்தல்? எதை விடப் போறீங்க? ஒருவர் பீடி என்றார். ஒருத்தி டிவி சீரியல் என்றாள். "உன் புருஷனுக்குப் பெரிய நிம்மதி" என்று பின்னாலிருந்து யாரோ சொல்லச் சிரிப்பு எழுந்தது. மரியசூசை, "தூக்க மாத்திரை" என்றார்.

எல்லோருக்கும் தெரிந்த மாத்திரைதான். எப்போதோ நெஞ்சு படபடப்பு என்று டவுனில் ஒரு டாக்டரிடம் போனபோது பத்து நாளைக்கென்று எழுதிக் கொடுத்தது. பத்து நாள் கழிந்து வருஷங்களும் கழிந்துவிட்டன. மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டினால் புது அட்டை வரும். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது. அதைப் போட்டால்தான் கண் மூடும், அதைப் போட்டால்தான் காலையில் கை வேலைக்கு வணங்கும் என்று ஆகியிருந்தது. அப்படிப்பட்டதை விடுகிறேன் என்றதும் அவருடைய அக்கா சவேரியம்மாள் கூட்டத்துக்கு நடுவிலேயே தம்பி நெற்றியில் சிலுவை போட்டாள். "பீடிய விடுறவன் எல்லாம் ஒரு பக்கம் நில்லுங்க. இதான்டா ஒறுத்தல்" என்றாள். அமலிக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

அடக்கம் முடிந்த சாயங்காலம் அந்த டப்பாவை எடுத்ததும் சவேரியம்மாள்தான். அமலி அழுகையும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இந்தா, தம்பி மாத்திரதான். ஒண்ணப் போட்டுக்க. நானும் முட்டிவலிக்கு இதத்தான் போடுறேன், ஒண்ணும் செய்யாது. செத்த நேரம் கண்ண மூடினா தேவல."

மூடியது. மறுநாளும் மூடியது. டப்பா காலியானபோது மகன் பெனடிக்ட் அதே கடையில் அதே அட்டையைக் காட்டி வாங்கி வந்தான்.

பெனடிக்ட் அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறான். வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். அவன் மனைவி சுபா ஆண்டிமடத்துப் பெண். கல்யாணமாகி வந்த வருஷமே மாமனாரைப் பறிகொடுத்த வீட்டுக்குச் சமைக்க வேண்டி வந்தது. அத்தை மாத்திரை போடுகிறாள், தூங்குகிறாள், எழுகிறாள், கொட்டை உடைக்கிறாள். வேறென்ன குறை என்று முதலில் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. உப்பு இரண்டு தடவை விழுந்தது. பூசையில் உட்கார்ந்தபடியே உறங்கி, நன்மை அப்பம் வாங்கப் போகிறவர்கள் மேல் சாய்ந்தாள். ஒரு நாள் வறுக்கிற சட்டியில் கொட்டை எண்ணெய் விட்டுத் தீப்பிடித்துக் கரும்புகை எழும்பியபோது, கிளறுகிற கரண்டியைப் பிடித்தபடி அந்தத் தீயையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானை கருகியதும் சுபாதான் இழுத்தாள். வறுவல் பக்கமே விடாமல், உடைக்கிற வேலையை மட்டும் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

மருந்துக்கடையில் செக்கிங் வந்தது அதற்கு அடுத்த வருஷம். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது என்று கடைக்காரன் சொல்லிவிட்டான்.

"எத்தினி வருஷமா வாங்குறோம், இப்ப சீட்டாம் சீட்டு" என்று அமலி புலம்பியபடி அந்தப் பொழுதை ஓட்டினாள். மறுநாள் கட்டையால் கொட்டையைத் தட்டும்போது அடி விரலில் விழுந்தது. அவளுக்கு அப்படி விழுவதே இல்லை. கொட்டையை விளிம்பில் நிறுத்தி ஒரு தட்டு, திருப்பி ஒரு தட்டு, பருப்பு முழுசாக வந்து விழும். அன்று எல்லாம் நொறுங்கின. முகத்தில் வேர்வை கொட்டியது.

"என்னத்த, கை இப்பிடி ஆடுது?"

"தெரியலம்மா. மேலெல்லாம் எறும்பு ஊர்றாப்புல இருக்கு."

சுபா கட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, "மாமாவும் அன்னிக்கு இதத்தான் சொன்னாங்கன்னு நீங்க சொல்லுவீங்கல்ல" என்றாள்.

"அது ஒருசந்தி. நான் காலைல நாலு இட்லி தின்னேனே."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அமலிக்கே உறைத்தது.

சுபா சவேரியம்மாள் வீட்டுக்கு ஓடினாள். அவளுக்கு மகன் திருச்சியிலிருந்து அதே மாத்திரையை மொத்தமாக வாங்கி அனுப்புவான். "இதுக்கா ஓடி வந்த, வச்சிக்கச் சொல்லு" என்று ஒரு அட்டையையே கொடுத்தாள். திங்கட்கிழமை விடிந்ததும் சுபா அத்தையை அரியலூர் பஸ்ஸில் ஏற்றினாள்.

பெரியாஸ்பத்திரியில் எந்த வரிசை என்று தெரிந்ததும் அமலி திரும்பிப் போகப் பார்த்தாள். "பைத்தியத்துக்குப் பாக்குற எடமாடி? ஊருக்குள்ள தெரிஞ்சா என்னாவுறது?"

"இங்க வரிசைல நிக்கிறவங்கள்ல நம்ம ஊர் ஆளு ஏற்கனவே ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க நம்மளப் பாத்துத் தலையக் குனிஞ்சிக்கிட்டாங்க. நாமளும் குனிஞ்சிக்குவோம், வாங்க."

டாக்டர் தென்றல் சின்ன வயதுதான். அமலி சொல்வதைக் கேட்டுக்கொண்டே அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தப்பு உங்க மேல இல்லம்மா. உடம்பு இதுக்குப் பழகிடுச்சு. விட்டுடலாம். ஆனா ஒண்ணு, சட்டுனு நிறுத்தவே கூடாது. கொஞ்சங் கொஞ்சமா, மாசக்கணக்குல எறக்கணும். வேற ஒரு மாத்திரைக்கு மாத்தி, அதைக் குறைச்சிக்கிட்டே வருவோம். ஒரேயடியா விட்டா சில பேருக்கு வலிப்பு வந்துடும். உயிருக்கே ஆபத்து."

"டாக்டர்" என்றாள் சுபா. "அதுக்கு முன்னாடி கை நடுங்குமா? வேர்க்குமா?"

"ஆமா. உடம்புல பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும். தூக்கமே வராது. ஏன் கேக்குறீங்க?"

சுபா அத்தையைப் பார்த்தாள். அமலிதான் சொன்னாள். புதன்கிழமை விட்டது, சனிக்கிழமை கயிறு கட்டியது, வடிகஞ்சி, தகரச் சத்தம். சொல்லும்போது குரல் உடையவில்லை. பலபேருக்குப் பல தடவை சொன்னதுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒருசந்தி என்று சொல்லிவந்த இடத்தில் இப்போது நின்று, "மாத்திரையையும் விட்டிருந்தாரு" என்றாள்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தாள். "நான் அவரப் பாக்கலம்மா. இத்தனை நாள் கழிச்சு யாரும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதக் கேட்டா, மாத்திரைய நிறுத்தினதால வந்த வலிப்பா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

திரும்பி வருகையில் பஸ் சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. சுபா வாங்கிக் கொடுத்த கொய்யாப்பழத்தை அமலி கடிக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

"பசின்னு நெனச்சோம்."

"எல்லாருந்தான் நெனச்சோம் அத்த."

"அந்த டப்பா மாதா காலடிலயே இருந்துச்சு. எட்டி எடுக்குற தூரம்."

உடையார்பாளையம் தாண்டியபின் அமலி மறுபடி பேசினாள். "சவேரியண்ணிகிட்ட இத சொல்லாத. தம்பி தவக்காலத்துல போனான், நேரா மோட்சத்துக்குப் போயிட்டான்னு சொல்லிச் சொல்லித்தான் அது நடமாடுது. அத எதுக்குப் புடுங்கணும்."

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வலி ஓர் இடத்தில் இருந்தால் சொல்லலாம். இது எல்லா இடத்திலும் இருந்தது. பருப்பின் தோலைச் சுரண்டுகிற சின்னக் கத்தியால் அமலி மாத்திரையை வெட்டினாள். முழுசு முக்காலாகி அதிலேயே வெகுகாலம் நின்றது. முக்கால் அரையானபோது காதுக்குள் சில்வண்டு புகுந்துகொண்டது. வெயில் கண்ணைக் குத்தியது. பக்கத்து வீட்டில் தேங்காய் உடைத்தால் இங்கே நெஞ்சு எகிறியது. காரணமில்லாத பயம் ஒன்று காலை எழும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சோற்றைக் குழம்போடு பிசைந்து வைத்துவிட்டுத் தின்னாமல் எழுந்துவிடுவாள். சுபா கேழ்வரகுக் கூழைக் கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு கொண்டுவந்து நிற்பாள். "குடிச்சாத்தான் நான் நகருவேன்." குடித்தது சில நாள் உள்ளே நின்றது, சில நாள் வெளியே வந்தது.

ஐப்பசி மழையில் கொட்டை காயாமல் பூஞ்சை பிடித்தது. வேலை இல்லாத நாட்கள்தான் மோசம். உட்கார்ந்த இடத்தில் கால் தானாக ஆடும். ஒரு மத்தியானம் எதற்கென்று தெரியாமல் சுபாவின் மேல் தண்ணீர்ச் செம்பை எறிந்துவிட்டாள். அது சுவரில் பட்டு நசுங்கியது. பிறகு அந்தச் செம்பை எடுத்து வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தவளை நிறுத்த முடியவில்லை.

அப்போதுதான் பெனடிக்ட் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தான். குளிக்கக்கூடப் போகாமல் வந்த வழியே திரும்பிப் போனான். ஈரத்தோடு வந்து நின்றபோது கையில் ஒரு அட்டை. எந்த ஊர்க் கடையில் வாங்கினான் என்று சொல்லவில்லை.

"ஒண்ணு போடும்மா. முழுசா ஒண்ணு. போட்டுட்டுப் படு."

"டேய்..."

"பாக்க முடியலம்மா. அவ செம்படி வாங்குறா, நீ அழுவுற, நான் ஸ்டீரிங்கப் புடிச்சா உன் மொகந்தான் வருது. என்னைக்காவது எங்கயாவது கொண்டுபோய் உட்டுருவேன். ஊருல எத்தினி பேரு போடுறாங்க. போட்டுட்டு இருந்துட்டுப் போயேன். யாரு உன்ன விடச் சொன்னது?"

சுபா வாயைத் திறந்தாள். அமலி கையைக் காட்டி அடக்கினாள். மகன் கையிலிருந்த அட்டையை வாங்கினாள். நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"நீ வாங்கியாந்தது தப்பில்லடா. அன்னிக்கு உங்கப்பாவுக்கு யாராவது இப்பிடி ஓடிப்போய் எடுத்தாந்து, போட்டாத்தான் ஆச்சுன்னு நின்னிருந்தா அந்த மனுஷன் இன்னிக்கு இருந்திருப்பாரு. எனக்குத்தான் வேணாம். நான் வுடல. கொறைச்சிட்டுத்தான் இருக்கேன். நான் அழுதா நீ கொஞ்சம் எழுந்து வெளிய போய் நில்லு."

"வெளிய மழ பெய்யுது."

"அப்ப தாவாரத்துல நில்லு."

சுபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெனடிக்டுக்கும் வந்தது. ஆனால் அவன் முகத்தில் சுண்ணாம்பு ஈரத்தில் கரைந்து வழிந்துகொண்டிருந்ததால் அது சிரிப்பு மாதிரித் தெரியவில்லை. அந்த அட்டையை அடுத்த முறை அரியலூர் போனபோது டாக்டரிடமே கொடுத்தார்கள். அன்று குறைக்க வேண்டாம், அரையிலேயே கொஞ்ச நாள் நிற்கலாம் என்றாள் டாக்டர் தென்றல். இறங்கியதெல்லாம் வீணா என்று அமலி கேட்டாள். "நிக்கிறதும் எறங்குறதுல சேர்ந்ததுதாம்மா" என்றாள்.

தை பிறந்து முந்திரி பூவெடுத்தபோது அரை மாத்திரை காலாயிற்று. தூக்கம் என்று சொல்ல முடியாது, துண்டு துண்டாகக் கண் அயர்ந்தது. ஆனால் தட்டுகிற கட்டை இப்போது விரலில் விழவில்லை.

மாசியில் திருநீற்றுப் புதனுக்கு முந்தின மத்தியானம் சவேரியம்மாள் வந்தாள். போன வருஷத்துக் குருத்தோலைகளை வீடு வீடாகச் சேகரித்துக் கோயிலில் கொடுப்பாள். எரித்துத் திருநீறு செய்ய வேண்டும். கயிற்று வளையத்தைத் தூக்கிவிட்டு உள்ளே வந்து, அமலிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தானும் ஒரு கை பருப்பை அள்ளித் தோல் உரிக்க ஆரம்பித்தாள்.

"எளச்சிட்டடி. ஆனா கண்ணு தெளிவா இருக்கு. இப்ப எவ்வளவு போடுற?"

"கால்தான் அண்ணி."

"கால் என்னடி கால். பேன் முட்ட தண்டி இருக்குமா? அதையும் உட்டுத் தள்ளு." குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். இந்தத் தவக்காலத்துக்கு நானும் மாத்திரைய விடப் போறேன். தம்பி மாதிரி. மூணு போடுறேன்டி, வெக்கமா இருக்கு. நாளைக்கு பூச முடிஞ்சு ரெண்டு பேரும் சேந்து டப்பாவ மாதா காலடில வச்சிருவோம்."

அமலியின் விரல் நின்றது. "டாக்டரக் கேக்காம வேணாம் அண்ணி. என்னோட ஒருவாட்டி அரியலூர் வாங்க."

"டாக்டர என்னத்துக்குக் கேக்கணும், அவ என்ன ஆண்டவரா? தம்பி யாரக் கேட்டான்? ஆண்டவருக்குன்னு விட்டான், மூணாம் நாளே அவரு வந்து கூட்டிக்கிட்டாரு. ஒருசந்தில போற சாவு எத்தினி பேருக்குக் கெடைக்கும் சொல்லு."

சவேரியம்மாள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தம்பியைப் பற்றிப் பேசும்போது மட்டும் வருவது. அமலி பேசாமல் இருந்தால் அந்த வெளிச்சம் சனிக்கிழமை வரைக்கும் இருக்கும். அதற்கு மேல் எப்படி என்று தெரியாது. அமலி மடியிலிருந்த பருப்பை முறத்தில் கொட்டினாள்.

"அண்ணி, அவரு ஒருசந்தியால சாவல."

"என்ன சொல்ற?"

"கை நடுங்குச்சே, அது பசியில்ல. வேர்த்துச்சே, அது வெயில் இல்ல. மாத்திரைய ஒரேயடியா உட்டா அப்பிடி ஆவும். அப்பறம் வலிப்பு வரும். அதான் வந்துச்சு. வலிப்புலதான் விழுந்தாரு, விழுந்ததுல மண்ட ஒடஞ்சிது. சீட்டு கேட்டு கடைக்காரன் தராத அன்னிக்கு எனக்கும் அப்பிடித்தான் நடுங்குச்சு. உங்க அட்டைய வச்சுத்தான் நான் பொழச்சேன்."

சவேரியம்மாள் வெகுநேரம் ஒரே பருப்பை உரித்தாள். தோல் முழுக்கப் போனபிறகும் நகத்தால் சுரண்டினாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத மொத அரியலூர் போனப்பவே."

"அப்ப கோயில் வாசல்ல நான் அவன் நெத்தில சிலுவ போட்டது?"

"நானுந்தான் அன்னிக்குப் பெருமைப்பட்டேன். யாருக்குமே தெரியாது அண்ணி."

"ஆண்டவருக்காக விட்டான்டி அவன்."

"ஆண்டவருக்காகத்தான் விட்டாரு. அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா உடம்புக்கு அது தெரியாதுல்ல."

"போதும். நிறுத்து." சவேரியம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். முட்டி உதவவில்லை. அமலி பிடிக்கப் போனபோது தட்டிவிட்டாள். "நல்லாருக்குடி. மாத்திரைய விடப் போறேன்னு சொல்ல வந்தவகிட்ட என் தம்பிய வலிப்புக்காரனாக்கிட்ட."

குருத்தோலைக் கட்டை எடுத்துக்கொண்டு போனாள். வளையத்தைத் திருப்பி மாட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆடுகள் உள்ளே வந்து தார்ப்பாய் முழுக்க மிதித்தன. சுபா கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அமலி எழுந்திருக்கவே இல்லை. அந்த நாளில் அதற்கு மேல் அவளிடம் பலம் இல்லை.

மறுநாள் கோயிலில் சவேரியம்மாள் முன்வரிசையில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. திருநீறு வாங்கத் தலை குனிந்தபோது அவளுடைய கைகளைத்தான் அமலி பார்த்தாள். கூப்பிய கைகள் முக்காட்டுக்குள் இருந்தன, எதுவும் தெரியவில்லை. காலையில் கால் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் அமலி வந்திருந்தாள். திருநீற்றுப் புதனன்று அதை வாயில் போடுவதற்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் போட்டாள்.

வெளியே வழக்கமான விசாரணை நடந்தது. செல்போன் என்றாள் ஒரு பெண். "சார்ஜ் இருக்குற வரைக்குமா?" என்று கேலி வந்தது. யாரோ அமலியைக் கேட்டார்கள். "நான் இந்த வருஷம் எதையும் விடல" என்றாள். கேட்டவள் உடனே பக்கத்தில் திரும்பி, "அக்கா, நீங்க ஏதோ பெருசா விடப் போறதாச் சொன்னீங்களே?" என்று சவேரியம்மாளைக் கேட்டாள்.

சவேரியம்மாள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கால் நுழைந்தது. மற்றது நுழையச் சற்று நேரம் பிடித்தது.

"டீ" என்றாள்.

"டீயா? அவ்வளவுதானா?"

"ஏன், டீ விடுறது உனக்கு லேசாப் போச்சா? விட்டுப் பாரு, தெரியும்."

அமலி சுவரில் கை வைத்துக்கொண்டாள். சுபா தோளைப் பிடித்து, "வாங்க அத்த, வூட்டுக்குப் போவலாம்" என்றாள்.

சனிக்கிழமை காலை அதே மாதிரி வெயில். பெனடிக்ட் லீவு போட்டிருந்தான். அப்பா நினைவு என்று காரணம் சொல்லாமல், ஜெயங்கொண்டத்தில் வாங்கிய புதுக் கீலைக் கதவில் முறுக்கிக்கொண்டிருந்தான். கதவு நேராக நின்றது. உள்பக்கம் கொண்டியும் வைத்தான். நீலக் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தவன் அம்மாவைப் பார்த்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

சூரியன் ஏறியபிறகு தெருவில் சவேரியம்மாள் வந்தாள். புதுக் கதவா என்று கேட்கவில்லை. கொண்டியைக் கவனிக்கவுமில்லை. பழக்கத்தில் கை மேலே போய் வளையத்தைத் தூக்கியது. உள்ளே வந்தாள், உட்காரவில்லை.

"அந்த டாக்டரம்மா எந்தக் கெழம இருப்பா?"

"திங்கக் கெழம அண்ணி."

"கூட்டம் அதிகமா இருக்குமா?"

"இருக்கும். நம்ம ஊர் ஆளுங்களும் இருப்பாங்க. தலையக் குனிஞ்சிக்கணும்."

சவேரியம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மொத பஸ்ஸுக்கு வரேன். எனக்காகக் காத்துக்கிட்டு நிக்காத, நானே வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். வெளியே போய் நின்று, எதிர்வீட்டு ஆடுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கயிற்று வளையத்தை எடுத்துக் கல்லுக்காலில் மாட்டினாள். ஒரு கணம் அந்த முடிச்சின் மேல் அவள் விரல் நின்றது.

அமலி கட்டையை எடுத்தாள். அடுத்த கொட்டையை விளிம்பில் நிறுத்தினாள்.

முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது, கோழிமுட்டை அளவில்.